நந்தி விலகட்டும்

‘ரேகை விழல.’ இந்த இரண்டு சொற்களுக்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

கடலூர் மாவட்டத்தில் ரேஷன் கடை வரிசையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்தச் சொற்கள் காதில் விழுந்துவிடும். ஒரு பெண் விரலை வைக்கிறாள். மெஷின் ஏற்கவில்லை. “தொடைச்சிட்டு வைங்க.” முந்தானையில் துடைத்துவிட்டு வைக்கிறாள். “அழுத்தி வைங்க.” வைக்கிறாள். “அவ்ளோ அழுத்தாதீங்க. வேற விரல் வைங்க. அந்தக் கை.” பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்குகிறார்கள். ஐந்தாவது விரலுக்குப் பிறகு தீர்ப்பு வருகிறது: “ஒங்க ரேகை விழலம்மா. நாளைக்கு வாங்க.”

இலக்கணம் கற்பிக்கிறவள் என்பதால் இந்த வாக்கியத்தை நான் விடுவதாக இல்லை. இதில் எழுவாய் எது? ரேகை. ரேகை யாருடையது? அவளுடையது. விழ வேண்டியது விழவில்லை, ஆகவே குறை அவள் விரலில். வாக்கியத்தில் மெஷின் என்ற சொல்லே இல்லை. அதை வாங்கியவர், அதற்கு நிரல் எழுதியவர், அதைக் கடையில் வைக்க ஆணையிட்டவர் ஒருவரும் இல்லை. தமிழில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. சொல் வெளியே தெரியாவிட்டாலும் வினைமுற்றை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். இந்த வாக்கியத்தில் அதற்கும் வழியில்லை. நடந்ததைச் சரியாகச் சொல்வதென்றால், ‘மெஷின் இவர் விரலைப் படிக்கத் தவறியது’ என்று சொல்ல வேண்டும். எந்தக் கடையிலும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

குற்றம் இடம் மாறுகிறது. கருவியின் தோல்வி அவளுடைய தோல்வியாகிறது. அவளும் அதை நம்பிவிடுகிறாள். ‘எனக்கு ரேகையே இல்லியாம்’ என்று வெட்கத்தோடு சிரித்தபடி சொல்லும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். உலகில் ரேகையில்லாமல் பிறக்கிறவர்கள் மிக மிக அரிது. இவர்களுடையது தேய்க்கப்பட்ட ரேகை.

*

தேய்த்தது எது என்று பார்ப்போம்.

பண்ருட்டி, காடாம்புலியூர், விருத்தாசலம் வட்டாரங்கள் முந்திரிக்குப் பேர் போனவை. முந்திரிக்கொட்டையின் ஓடு இரட்டைச் சுவர் கொண்டது. இரண்டு சுவர்களுக்கும் நடுவே தேன்கூடு போன்ற அறைகள், அவற்றுக்குள் கறுத்த எண்ணெய். வண்ணார் துணிக்குக் குறி போட்ட சேங்கொட்டை இருக்கிறதே, முந்திரி அதே குடும்பத்து மரம். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் என்னவாகும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். முந்திரி ஓட்டின் எண்ணெயும் அப்படித்தான் புண்ணாக்கும். வாகனங்களின் பிரேக் பட்டைக்கும் வண்ணப்பூச்சுக்கும் சேர்க்கிற எண்ணெய் அது. அந்த ஓட்டை உடைத்துப் பருப்பை முழுசாக வெளியே எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எண்ணெய் ஒட்டாமலிருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள். சாம்பலும் தோலைத் தின்னும். பத்து வருடம் உடைத்தவளின் விரல் நுனியைத் தடவிப் பாருங்கள். கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும்.

முந்திரிக் கை மட்டுமா? கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஐஸிலும் உப்பிலும் கிடந்து மீன் அரியும் கை. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் சேற்றில் நாற்றுப் பிடித்து நடும் கை. பிளீச்சிங் பவுடரை வெறுங்கையால் அள்ளித் தெளிக்கும் தூய்மைப் பணியாளரின் கை. வாழ்நாளெல்லாம் பாத்திரம் தேய்த்த, துணி துவைத்த, இப்போது எழுபது வயதில் சுருங்கிப்போன கை. இந்தக் கைகளுக்காகத்தான் ரேஷன் கடை இருக்கிறது. மடிக்கணினியைத் தவிர எதையும் தொடாத விரலை அந்த மெஷின் ஒரே தடவையில் படித்துவிடும். அந்த விரலுக்குரியவருக்கு ரேஷன் அரிசி தேவைப்படுவதில்லை. யாருக்கு அரிசி அதிகம் தேவையோ அவரிடம் அதிகம் தோற்கும்படி செய்யப்பட்ட ஒரு கருவியை, அரிசிக்கு வாயிற்காவலனாக நிறுத்தியிருக்கிறோம்.

தமிழ்நாட்டில் 2017 ஏப்ரல் முதல் ஸ்மார்ட் கார்டு தரப்பட்டது. அட்டையைக் காட்டினால் கோடு படிக்கும் கருவி படித்துக்கொள்ளும், பொருள் கிடைக்கும். யாருடைய தோலையும் அது சோதிக்கவில்லை. 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ இங்கே நடைமுறைக்கு வந்தபோது விரல் வைப்பதும் வந்தது. இது சரியாக வேலை செய்யாது என்பது அதற்கு முன்பே தெரியும். 2018இல் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் வழக்கு நடந்தபோது, அரசுச் சேவைகளில் ஆதார் உறுதிப்படுத்தலின் வெற்றி 88 விழுக்காடு என்று ஆதார் ஆணையமே விளக்கமளித்தது. நூற்றுக்குப் பன்னிரண்டு தோல்வி. நூறு பேரில் பன்னிரண்டு பேருக்குத் திறக்காத கதவை எந்த வங்கியாவது, எந்த விமான நிலையமாவது ஒரு நாள் வைத்திருக்குமா? ஏழைக்கான கதவு என்றால் மட்டும் 88 நல்ல மதிப்பெண் ஆகிவிடுகிறது.

*

மனிதருக்கும் கருவிக்கும் நடுவே நடக்கும் கொடுக்கல் வாங்கலை எப்படி அமைப்பது என்பதற்கு ஒரு துறையே இருக்கிறது. ஊடாட்ட வடிவமைப்பு என்கிறார்கள். பெயர்தான் புதிது. கிணற்றுச் சகடையும் அம்மிக் குழவியும் அதுதான். எங்கே பிடிப்பது, எந்தப் பக்கம் இழுப்பது என்று அவை நமக்கு வகுப்பெடுத்ததில்லை. அமெரிக்காவில் டொனால்ட் நார்மன் என்ற உளவியலாளர் 1988இல் அன்றாடப் பொருட்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தள்ள வேண்டிய கதவை ஒருவர் இழுத்தால் அது அவருடைய முட்டாள்தனம் ஆகாது, கதவைச் செய்தவரின் தவறு என்பது அவர் வாதம். தள்ளுவதற்கான கதவில் இழுக்கும் கைப்பிடியை வைத்துவிட்டு, மேலே ‘தள்ளு’ என்று எழுதி ஒட்டுவது பித்தலாட்டம். இன்று உலகம் முழுக்க வடிவமைப்பு மாணவர்கள் படிக்கும் பாடம் இது.

பெண்ணியம் இதில் சேர்க்க வேண்டியது ஒன்றிருக்கிறது. கதவு எல்லோருக்கும் ஒரே மாதிரி தவறுவதில்லை. யாரை மனதில் வைத்துச் செய்தார்களோ அவருக்குத் திறக்கும். மேலைநாடுகளில் கார் விபத்துச் சோதனைக்கு நெடுங்காலம் ஆணுடலின் அளவில் செய்த பொம்மைகளையே உட்கார வைத்தார்கள். இங்கே விரல் படிக்கும் மெஷின், கை நோக உழைக்காத ஓர் உடலை மனதில் வைத்திருக்கிறது. செல்பேசி செயலி, தனக்கென்று ஒரு போனும் தனக்கென்று ஒரு எண்ணும் வைத்திருக்கும் ஆளை மனதில் வைத்திருக்கிறது. படிவம், வாழ்நாளெல்லாம் ஒரே பெயரோடு இருக்கிற ஆளை மனதில் வைத்திருக்கிறது. மூன்றையும் கூட்டிப் பாருங்கள். கிடைக்கும் ஆள் பெண் இல்லை. குறைந்தபட்சம் நம் ஊர்ப் பெண் இல்லை.

*

போனை எடுத்துக்கொள்வோம். ரேகை விழாவிட்டால் ஓடிபி என்கிறார்கள். ஓடிபி எந்த எண்ணுக்குப் போகும்? அட்டைக்கு விண்ணப்பித்த அன்று வீட்டில் எந்த எண் இருந்ததோ அதற்கு. பெரும்பாலும் கணவரின் எண், அல்லது மகனுடையது. கணவர் திருப்பூரில் இருப்பார். ஓடிபி திருப்பூருக்குப் போகும், அரிசி பண்ருட்டியில் கிடக்கும். அவர் ஷிப்டில் இருந்தால் எடுக்க மாட்டார்; சண்டையில் இருந்தால் எடுத்தும் சொல்ல மாட்டார். பிரிந்து போனவர் என்றால் எண்ணை மாற்ற வேண்டும். எண்ணை மாற்றப் பழைய எண்ணுக்கு ஓடிபி வரும் என்று இ-சேவை மையத்தில் சொல்லி அனுப்பியதாக என்னிடம் அழுதவர் உண்டு.

2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வீட்டில் பதினெட்டு வயது நிரம்பிய பெண்களில் மூத்தவரே ரேஷன் அட்டைக்குக் குடும்பத் தலைவர் என்கிறது. நல்ல சட்டம். பல ஆண்டுப் போராட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அட்டையில் அவள் படம் வந்துவிட்டது. ஆனால் அட்டையை இயக்கும் எண் அவனிடம் இருக்கிறது. சட்டம் கொடுத்த தலைமையை ஒரு கட்டத்துக்குள் நிரப்பிய பத்து இலக்கங்கள் பறித்துக்கொண்டன. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை என்பதுதான் என் புகார்.

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தார்கள். 1 கோடியே 6 லட்சம் பேர் தேர்வானார்கள். மாதம் ஆயிரம் ரூபாயை உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்ன அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. விடுபட்டவர்களுக்குக் காரணத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்புவோம், 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். அதுவும் சரியான ஏற்பாடே; காரணம் சொல்லாமல் கதவடைப்பவர்களை விட இது மேல். ஆனால் காரணம் வந்து சேர்வது யாருடைய போனில் என்ற கேள்வி அங்கேயும் நிற்கிறது. ‘மெசேஜ் வந்துச்சான்னு அவரைத்தான் கேக்கணும்’ என்று சொல்லும் பெண்ணுக்கு உரிமை இன்னும் ஓர் ஆள் வழியாகத்தான் வருகிறது.

பெயருக்கு வருவோம். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சாதிப் பெயரை ஒட்டிக்கொள்வதை விட்டொழித்தது இந்த மண்ணின் பெருமை. முன்னே ஒரு முன்னெழுத்து, பின்னே சொந்தப் பெயர், அவ்வளவுதான். கணினிப் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறது. கடைசிப் பெயர்க் கட்டத்தில் நாம் எதைப் போடுவது? அப்பா பெயரைப் போடுகிறோம். கல்யாணமானால் கணவர் பெயரைப் போடச் சொல்கிறார்கள். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் அதன் விரிவு, வங்கியில் கணவர் பெயர். மூன்றும் ஒரே பெண் என்று மெஷினுக்குத் தெரியாது. என் மாணவி ஒருத்திக்கு உதவித்தொகை நான்கு மாதம் வரவில்லை. அவள் பெயருக்கும் முன்னெழுத்துக்கும் நடுவில் ஒரு வங்கியில் புள்ளி இருந்தது, இன்னோர் இடத்தில் இல்லை. ஒரு புள்ளி! அவள் ஐந்து முறை பேருந்தேறிப் போனாள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வகுப்பு போனது. அவளோடு படிக்கும் பையன்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவன் பெயரை மாற்றச் சொல்லி எந்தப் படிவமும் கேட்பதில்லை. ‘தந்தை / கணவர் பெயர்’ என்ற அந்தச் சாய்கோட்டை வரைந்தவர், ஒரு பெண் எப்போதும் அதன் ஏதாவது ஒரு பக்கம்தான் நிற்க முடியும் என்று முடிவு செய்துவிட்டார்.

*

வயற்காட்டில் கூட இது விடவில்லை. நூறு நாள் வேலையில் வருகையைப் பதிய ஒரு செயலி கொண்டுவந்தார்கள். 2021 மே மாதம் அறிமுகமாகி, 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமானது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை நேரமும் இடமும் பதிந்த படம் எடுக்க வேண்டும். அதற்கு முன்பு, அளந்து கொடுத்த மண்ணை வெட்டி முடித்தால் வீட்டுக்குப் போகலாம். கைக்குழந்தையை விட்டு வந்தவள் வெயிலுக்கு முன்னே வந்து, வெட்டி முடித்து, பால் கொடுக்கப் போவாள். இப்போது வேலை முடிந்தாலும் இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்க வேண்டும். வெட்டிய மண் சாட்சி இல்லையாம், படம்தான் சாட்சியாம். டவர் கிடைக்காமல் படம் ஏறாவிட்டால் அன்றைய கூலிக்கே ஆபத்து. பணித்தளப் பொறுப்பாளர், அவரும் பெரும்பாலும் பெண்தான், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடப்பார். 2023 பிப்ரவரியில் தில்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் நூறு நாள் தர்ணா தொடங்கியதற்கு இந்தச் செயலியும் ஒரு காரணம்.

திருட்டைத் தடுக்கத்தான் இது என்றார்கள். தடுத்ததா? 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது: சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், பழைய படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று. திருடத் தெரிந்தவனுக்கு வழி கிடைத்துவிட்டது. வெயிலில் காத்திருப்பு மட்டும் நேர்மையாக மண் வெட்டியவளுக்குக் கிடைத்தது.

‘அப்படியானால் போலிகளை எப்படிப் பிடிப்பது?’ என்று கேட்பவர்களுக்கு இதையேதான் ரேஷன் கடையிலும் சொல்வேன். விரல் ரேகை ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: வந்தவர் யார்? எத்தனை கிலோ அரிசி போட்டார்கள் என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. இருபது கிலோவுக்கு ரேகை வாங்கிவிட்டுப் பதினெட்டுப் போட்டால், மெஷினின் கணக்கில் அது சுத்தமான இருபது. எடைக் குறைவைத் தராசுதான் காட்டும், அந்தத் தராசைப் பார்க்கும் உரிமையுள்ள மக்கள்தான் தடுப்பார்கள். ஏய்ப்பவனின் கை எட்டாத இடத்தில் பூட்டைப் போடாமல், வாங்க வருகிறவளின் விரலில் போட்டிருக்கிறோம்.

இந்தப் பூட்டின் விலை நமக்குத் தெரியாததல்ல. 2017இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்காததால் அவள் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பசியால் இறந்தாள் என்று தாய் சொன்னார். நோயால் இறந்தாள் என்று அரசு சொன்னது. அடுத்த மாதமே, விரல் படியவில்லை என்பதற்காக யாருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது, மாற்று வழியில் தர வேண்டும் என்று ஆதார் ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியது. விதி இருக்கிறது. ஆனால் அது கோப்பில் இருக்கிறது. வரிசையில் நிற்பவளின் கண்ணுக்கு எட்டும் இடத்தில் இல்லை. கடைச் சுவரில் ஒட்டாத விதி, மெஷின் பேசாத விதி, அவளைப் பொறுத்தவரை விதியே அல்ல.

கடைக்காரரை நான் குற்றவாளியாக்கவில்லை. அந்த மெஷின் முன்னால் அவரும் கூலிக்கு நிற்பவர்தான்; கணக்கு இடித்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். மனிதரிடமிருந்து தீர்மானிக்கும் அதிகாரத்தைப் பிடுங்கி மெஷினிடம் கொடுத்துவிட்டு, வசவை மட்டும் மனிதர் வாங்கும்படி விட்டிருக்கிறோம்.

*

நல்ல வடிவமைப்பு எப்படி இருக்கும்? தேடி வெளிநாடு போக வேண்டாம். சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு வாருங்கள்.

2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த ஆண்டே திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விரிந்தது. ஏறுகிறவள் என்ன காட்ட வேண்டும்? ஒன்றும் இல்லை. அட்டை வேண்டாம், ஆதார் வேண்டாம், ஓடிபி வேண்டாம், பதிவு வேண்டாம். எந்த ஊர் என்று கேட்பதில்லை, எவ்வளவு சம்பளம் என்று கேட்பதில்லை, யார் மனைவி என்று கேட்பதில்லை. ஏறி உட்கார்ந்தால் நடத்துநர் பூஜ்ஜியம் ரூபாய்ச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். கணக்கு எடுப்பது அரசின் வேலை, அதை அந்தச் சீட்டு செய்துகொள்கிறது. அவள் தலையில் கட்டவில்லை. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 அன்று சக்தி திட்டம் தொடங்கியபோது, அந்த மாநிலத்தில் வசிப்பதற்கான அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்றார்கள். அதுவும் நல்ல திட்டம்தான். ஆனால் ‘ஏறு’ என்பதற்கும் ‘காட்டிவிட்டு ஏறு’ என்பதற்கும் நடுவில் எத்தனை பெண்கள் விழுந்துபோவார்கள் என்று பெண்களுக்குத் தெரியும். அடித்து விரட்டப்பட்டு, கட்டிய புடவையோடு வீட்டைவிட்டு வெளியேறுகிறவள் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டா வருவாள்?

என் வகுப்பில் இருக்கும் பெண்கள் பலர் இந்தப் பேருந்தினால் படிக்கிறார்கள். முன்பு வாரத்தில் மூன்று நாள் வந்தவர்கள் ஐந்து நாளும் வருகிறார்கள். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று அரசு கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கில் வராத ஒன்று, காசு கேட்க வேண்டியிராதது. அப்பாவிடமோ கணவரிடமோ ‘எங்கே போறே’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு பெண் கடலூர் நூலகத்துக்கோ தோழி வீட்டுக்கோ போய் வருகிறாள் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை.

குறை இல்லாமலில்லை. படி உயரம், புடவை கட்டிய முதியவள் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கொசுவத்தையும் பிடித்துக்கொண்டு ஏற வேண்டியிருக்கிறது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடும் புறநகர்ப் பேருந்துகளில் இந்தச் சலுகை கிடையாது. கூட்டம் பெண்களாகத் தெரிந்தால் நிறுத்தாமல் போகும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். 2022இல் ஓர் அமைச்சரே மேடையேறி ‘ஓசி’ என்று சொல்லி, பிறகு வருத்தம் தெரிவித்தார். அடிமனதில் இன்னும் அது பிச்சைதான். என்றாலும் பேருந்தின் வாசல் அவளை நம்புகிறது. ரேஷன் கடை மெஷின் அவளைச் சந்தேகிக்கிறது. இரண்டும் ஒரே அரசாங்கத்தின் ஆட்சியில் நடப்பவை. ஆகவே முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

*

சிதம்பரத்தில் இருந்துகொண்டு வாசல்களைப் பற்றிப் பேசும்போது நந்தனைத் தாண்டிப் போக முடியாது.

சேக்கிழார் சொல்லும் கதைப்படி, ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த அவருக்குத் தில்லைக்குப் போக ஆசை. பிறப்பு தடுத்தது. ‘நாளைப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லியே நாட்களைக் கழித்ததால் திருநாளைப்போவார் என்று பெயர். தமிழ் படித்தவர்கள் அந்தப் பெயரைப் பக்தியின் தவிப்பு என்று பாடம் நடத்துவார்கள். ‘நாளைக்கு வாங்கம்மா’ என்று கேட்டுத் திரும்பும் பெண்களைப் பார்த்த பிறகு அப்படி நடத்த எனக்கு வாய் வரவில்லை. நாளை என்பது அனுமதிக்கப்படாதவர்களின் காலம். நேரடியாக ‘இல்லை’ என்று சொல்லக் கூச்சப்படும் அதிகாரம் ‘நாளை’ என்று சொல்கிறது. எங்கள் ஊர்க் கடைகளின் முன்னால் இன்றும் திருநாளைப்போவார்கள் நிற்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் சேரியிலிருந்து வந்தவர்கள்.

அந்தக் கதையில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று தில்லை. அங்கே நந்தன் தீயில் மூழ்கி, பிறந்த உடம்பை விட்டு, பூணூலணிந்த முனிவராக எழுந்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. அதைக் கொலையென்று வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்; அந்த வாசிப்பை நான் மதிக்கிறேன். எப்படி வாசித்தாலும் ஒன்று மிஞ்சுகிறது: வாசல் மாறவில்லை, வாசலுக்கேற்ற உடம்பாக மனிதர் மாற வேண்டியிருந்தது. இன்னொன்று திருப்புன்கூர். கொள்ளிடத்துக்குத் தெற்கே, வைத்தீஸ்வரன்கோயில் பக்கத்தில் இருக்கிறது. அங்கே நந்தன் வெளியே நின்று பார்த்தபோது நந்தி மறைத்தது. நந்தி விலகியது. இன்றும் அந்தக் கோயிலில் நந்தி நேர்க்கோட்டிலிருந்து சற்றே விலகித்தான் கிடக்கிறது. அப்போதும் நந்தன் வெளியேதான் நின்றார் என்பதை நான் மறக்கவில்லை, விலகியது போதாது. ஆனால் நகர வேண்டியது எது என்பதில் அந்தக் கல் நம் அதிகாரிகளை விடத் தெளிவாக இருந்திருக்கிறது.

‘விரலைத் துடை, எலுமிச்சை தேய், எண்ணெய் பூசிக்கொண்டு வா, பேரை மாற்று, நம்பரை மாற்று, வேறொரு ஆளாக வா’ என்பதெல்லாம் தில்லை வாசல். நமக்கு வேண்டியது குறைந்தபட்சம் திருப்புன்கூர். அதற்கு மேலும் போகலாம்: 1916இல் இதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கியபோது, பழைய வாசலில் காத்திருக்காமல் புதிய வாசலையே கட்டினார்.

*

எனவே கேட்கிறேன்.

எந்த மெஷினையும் தமிழ்நாட்டில் கடையில் வைப்பதற்கு முன் முதலில் பண்ருட்டிக்குக் கொண்டுவந்து முந்திரி உடைக்கும் பெண்களின் விரலில் சோதியுங்கள். அங்கே தேறினால் சென்னையில் தானாகத் தேறும். சென்னையில் தேறியதை இங்கே கொண்டுவந்து எங்களைத் தோற்கடிக்காதீர்கள்.

மெஷின் படிக்கத் தவறினால் அந்தக் கணமே பொருளைக் கொடுங்கள். சரிபார்ப்பைப் பிறகு உங்கள் நேரத்தில், உங்கள் செலவில் செய்யுங்கள். கருவிழி பார்க்கும் கருவி வந்துவிட்டதே என்று சொல்லாதீர்கள். விரலுக்கு அடுத்து கண், கண்ணில் புரை விழுந்தால் எது? 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீடு தேடிப் போகிறது. அங்கே நந்தி கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. முதுமைவரை காத்திருக்கச் சொல்லாமல் எல்லோருக்கும் நகருங்கள்.

குடும்பத் தலைவி என்று அட்டையில் போட்டால் அவள் எண்ணைக் கேளுங்கள். அவளிடம் போன் இல்லையென்றால் போன் இல்லாமலே நடக்கும் வழி ஒன்று வையுங்கள். படிவத்தில் பெயருக்கு ஒரே கட்டம் போதும். எந்த ஆணின் பெயரையும் எழுதாமல் ஒரு பெண் அதை நிரப்பி முடிக்க முடிய வேண்டும்.

கடையில் இருக்கும் மனிதருக்கு, ‘இவரை எனக்குத் தெரியும், கொடுக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுங்கள். யாருக்கும் மறுக்கக் கூடாது என்ற விதியைப் பெரிய எழுத்தில், தமிழில், மெஷினுக்கு நேர் மேலே எழுதி மாட்டுங்கள்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அடுத்த முறை அம்மாவோடு, ஆயாவோடு கடைக்குப் போங்கள். ‘ரேகை விழல’ என்று சொன்னால், வாக்கியத்தைத் திருத்துங்கள். ‘மெஷின் படிக்கலைன்னு சொல்லுங்கண்ணா’ என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அப்படியே நோட்டில் எழுதச் சொல்லுங்கள், தேதியோடு. நாளைக்கு வா என்றால், எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பத்துக் கடையில் பத்துப் பெண்கள் இப்படி எழுதி வாங்கினால், அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு கடலூர் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை மனுநாளுக்குப் போவோம். நானும் வருகிறேன்.